உடன் செல்லும் துணை



அங்குலிமாலனின் கதையை அறியாத பௌத்தர் நம்மிடையே இலர். சுதம்மர் என்னும் பிக்குவின் கதையையோ நம்மிற் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். விநய பிடகத்தின் சுல்லவக்கத்தில் அது சொல்லப்படுகிறது. அங்குலிமாலன் செய்தது கொலை. ஆகவே கதை சொல்வோருக்கும் கேட்போருக்கும் அதில் ஓர் ஈர்ப்பு. சுதம்மர் செய்ததோ ஒரே ஒரு சுடுசொல். சிறிய குற்றங்களின் கதையை உலகம் நினைவில் வைப்பதில்லை. ஆயினும் நம் ஊர்களில், நம் பிள்ளைகளின் வாழ்வில் நிகழ்வன பெரும்பாலும் சிறிய குற்றங்களே. எனவே இம்மாதம் சுதம்மரின் கதையையே எடுத்துக்கொள்கிறோம்.

மச்சிகாசண்டம் என்னும் ஊரில் சித்த கிருகபதி என்ற உபாசகர் வாழ்ந்தார். அவருடைய தோப்பிலேயே சுதம்மர் தங்கியிருந்தார். உபாசகர் யாருக்கு விருந்தளித்தாலும் முதலில் சுதம்மரைக் கலந்துகொள்வது வழக்கம். ஒருமுறை சாரிபுத்தர் முதலிய பெரியோர் அவ்வூருக்கு வந்தனர். உபாசகர் அவர்களை மறுநாள் அமுதுண்ண அழைத்துவிட்டு, அதன் பின்னரே சுதம்மரை அழைத்தார். சுதம்மரின் மனம் சுருங்கிற்று. அழைப்பை மறுத்தார், மறுத்தவர் விடியற்காலையில் சமையல் எவ்வாறு நடக்கிறதென்று பார்க்கவும் வந்தார்! பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கின்றன, எள்ளடை ஒன்றுதான் இல்லை" என்ற கருத்துப்படப் பேசினார். உபாசகரின் குலத்தார் முன்னாளில் எள்ளடை விற்றவர்கள் என்பதைக் குத்திக்காட்டும் சொல் அது. ஒருவனுடைய முன்னோரின் தொழிலைச் சொல்லி அவனைத் தாழ்த்துவது எத்தகைய காயம் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

செய்தி பகவானிடம் சென்றது. பகவான் சுதம்மரைக் கண்டித்தார். சங்கம் அவர்மீது ஒரு கட்டளை விதித்தது. அதற்குப் பாளி மொழியில் 'படிசாரணீய கம்மம்' என்று பெயர். மனம் நொந்தவரிடம் மீண்டு சென்று மன்னிப்பு வேண்டும்படி செய்விக்கும் கட்டளை என்பது அதன் பொருள். சுதம்மர் சென்றார். மச்சிகாசண்டம் வரை நடந்தார். ஆனால் அங்கே நாணம் அவரைத் தடுத்தது. உபாசகரின் முன் வாய் திறக்க இயலாமல் சாவத்திக்கே திரும்பிவிட்டார்.

இவ்விடத்தில்தான் பகவானின் கருணையும் நுண்ணறிவும் வெளிப்படுகின்றன. திரும்பி வந்தவரைப் பார்த்து, "கட்டளையை மீறினாய்" என்று தண்டனையை இரட்டிக்கவில்லை. "போனது போகட்டும்" என்று விட்டுவிடவும் இல்லை. அவருடன் செல்ல ஒரு துணைப் பிக்குவைக் கொடுக்குமாறு சங்கத்துக்கு உரைத்தார். அத்துணைக்கு 'அநுதூதர்' என்று பெயர். அவரையும் முதலில் கேட்டு, இசைவு பெற்று, பின்னரே நியமிக்க வேண்டும். குற்றம் செய்தவர் முதலில் தாமே மன்னிப்பு வேண்ட வேண்டும். உபாசகர் இணங்காவிடில் துணைவர், "இவரைப் பொறுத்தருள்க" என்று வேண்ட வேண்டும். அதற்கும் இணங்காவிடில் தம் பொருட்டாகவும், அதற்கும் இணங்காவிடில் சங்கத்தின் பெயராலும் வேண்ட வேண்டும். எதற்குமே மனம் இளகாவிடில், நொந்தவரின் பார்வையும் செவியும் எட்டும் இடத்திலேயே குற்றம் செய்தவர் தம் குற்றத்தை வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். சுதம்மர் துணைவரோடு மீண்டும் சென்றார், மன்னிப்பும் பெற்றார். அதன்பின் அவர் ஒழுகிய நெறியைக் கண்டு, சங்கம் தன் கட்டளையை நீக்கிக்கொண்டது.

இம்முறையில் நான்கு பேர் இருக்கின்றனர் என்பதைக் கவனியுங்கள். குற்றம் செய்தவர், நொந்தவர், உடன் செல்லும் துணைவர், இவர்களைச் சூழ்ந்து நிற்கும் சங்கம். நம் காலத்து நீதிமன்றங்களில் முதலாமவர் இருக்கிறார். நொந்தவர் சாட்சிக் கூண்டில் சிறிது நேரம் நிற்கிறார். துணைவர் என்று ஒருவர் பெரும்பாலும் இல்லை. சுற்றி நிற்பதோ வேடிக்கை பார்க்கும் கூட்டம். இக்குறையை அண்மைக் காலத்தில் பல நாட்டு அறிஞர் உணர்ந்து, 'சீரமைப்பு நீதி' என்னும் முறையை வகுத்து வருகின்றனர். எந்தச் சட்டம் மீறப்பட்டது, என்ன தண்டனை என்பதோடு நில்லாமல், யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது, அதைச் சரிசெய்ய யார் என்ன செய்ய வேண்டும் என்று அது கேட்கிறது. இளம் வயதில் முதன்முறை தவறியவர்களிடமே அது மிகுதியாகக் கையாளப்படுகிறது. சில இடங்களில் அச்சபையை நடத்துவோரும் அவர்களின் வயதையொத்த இளைஞர்களே.

நமக்கு அண்மையில் உள்ள ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருவனந்தபுரம் தமிழருக்கு அயலூர் அன்று. 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாட்டாருக்கு அதுவே தலைநகரம். அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள அரசு 2016இல் 'காவல்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களுக்கானது அது. பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் அதற்கு அறிவுத் துணை. தொண்டு நிறுவனங்களின் சமூகப் பணியாளர்களே அதற்குக் கைகால்கள். சில மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் ஏனைய மாவட்டங்களுக்கும் பரவிற்று. மலையாளத்திலும் தமிழிலும் அச்சொல் ஒன்றே. நம் ஊரில் 'காவல்' என்றால் காவல் நிலையம் என்றே சிறுவன் நடுங்குகிறான். பயிருக்குக் காவல், குழந்தைக்குக் காவல் என்னும் பழைய பொருளை அத்திட்டம் மீட்டுக்கொண்டது நமக்கு உவப்பாக இருக்கிறது.

அங்கு நடப்பது என்ன? சமூகப் பணியாளர் சிறுவனின் வீட்டுக்குச் செல்கிறார், பெற்றோரைக் காண்கிறார், பள்ளியை விட்டவனாயின் பள்ளிக்கோ தொழிற்பயிற்சிக்கோ வழி தேடுகிறார். ஒவ்வொருவனுக்கும் தனித்தனியே ஒரு திட்டம் எழுதப்படுகிறது. சினத்தை அடக்குவது, தீய நண்பனுக்கு 'மாட்டேன்' என்று சொல்வது முதலியவை குழுவாக அமர்த்திக் கற்பிக்கப்படுகின்றன. கூடிய மட்டும் சிறுவன் தன் வீட்டிலேயே இருக்கிறான். காப்பகத்துக்கு அனுப்பிவிட்டால் எளிது என்று நினைப்போர் உண்டு. அது யாருக்கு எளிது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இதற்கு இடம் தருவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பதினெட்டு வயது நிரம்பாதவனைக் காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ அடைக்கலாகாது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பது அதன் விதி. அக்குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளரும் இருப்பர்; அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். சிறு குற்றங்களுக்கு முதல் தகவல் அறிக்கையே பதிவதில்லை என்று 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் கூறுகின்றன. காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் எழுதி, சிறுவனின் குடும்ப நிலையைக் குறித்த அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். வயது வந்தோருடன் சேர்ந்து செய்த குற்றமாயின் மட்டும் அது வேறு. குழுமம் சிறுவனுக்கு அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பலாம். குழுவாக அறிவுரை பெறச் செய்யலாம். பொதுத் தொண்டு செய்யச் சொல்லலாம். நன்னடத்தைப் பொறுப்பில் விடலாம். சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவதாயின் மூன்றாண்டுக்கு மேல் ஆகாது. அவன் பெயரையும் படத்தையும் எவரும் வெளியிடலாகாது. இதை நம் பெற்றோர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் அறியாத வீட்டில்தான் விதி முதலில் மீறப்படுகிறது.

இச்சட்டத்தின் பின்னே நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாணம் 1920இலேயே சிறுவர் சட்டம் இயற்றிற்று. இந்தியாவில் அதுவே முதலாவது. கேரளத்தில் வி. ஆர். கிருஷ்ண ஐயரை மறக்கலாகாது. பாலக்காட்டில் நவம்பர் 15 அன்று பிறந்த அவர், 1948இல் தாமே ஒரு மாதம் சிறையில் இருந்தவர். 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டம், சிறை முதலிய துறைகள் அவர் கையில் இருந்தன. பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக, குற்றவாளியைத் திருத்துவதே தண்டனையின் நோக்கமென்று தீர்ப்புகளில் வலியுறுத்தினார். அவர் பிறந்த நாளைக் கேரளம் நன்னடத்தைக் கண்காணிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்து நெட்டுகால்தேரியில் 1962இல் தொடங்கிய திறந்தவெளிச் சிறையும் அக்காலத்து எண்ணத்தின் விளைவே. தமிழ்ப் பௌத்தருக்கு இது புதிய எண்ணமா? புகாரின் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி சோழ மன்னனிடம் வேண்டிப் பெற்ற மணிமேகலையின் வழியினர் நாம்.

எனினும் காவல் திட்டத்தில் நாம் ஒரு குறையைக் காண்கிறோம். அது சிறுவனையும் அவன் குடும்பத்தையும் நன்கு பார்க்கிறது. நொந்தவரைப் போதிய அளவு பார்ப்பதில்லை. சட்டத்தின் நிலையும் அதுவே. குழுமம் பிறப்பிக்கக்கூடிய ஆணைகளின் வரிசையில், இழந்தவரைச் சிறுவன் நேரில் சந்திப்பது என்று தனியாக ஒன்று சொல்லப்படவில்லை. ஒரு சிறுவன் நண்பர்களோடு சேர்ந்து தெருவில் நின்ற மோட்டார் சைக்கிளை ஓட்டிச்சென்று உடைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்காரர் மீன் விற்பவர். வண்டி இல்லாமல் பத்து நாள் பிழைப்புப் போயிற்று. சிறுவனுக்கு அறிவுரை கிடைக்கிறது. அவருக்கு என்ன கிடைத்தது? அப்பத்து நாட்களைப் பற்றிச் சிறுவன் கேட்கவே இல்லையே! அவன் கண்டது காவலரையும் நடுவரையும்தான். ஆகவே தான் செய்தது அரசாங்கத்துக்கு எதிரான ஏதோ ஒன்று என்றே எண்ணிக்கொள்கிறான்.

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் 1974இல் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு இளைஞர் குடித்துவிட்டு ஒரே இரவில் இருபத்திரண்டு பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினர். மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அதிகாரி, இவர்கள் அவ்வீடுகளுக்கு நேரில் சென்றால் என்ன என்று நீதிபதியிடம் கேட்டார். அக்காலத்தில் அது விந்தையான கேள்வி. நீதிபதி இசைந்தார். இளைஞர் இருவரும் கதவு கதவாகத் தட்டினர்; யான்ட்சியும் இன்னொருவரும் உடன் சென்றனர். தாம் செய்ததை ஒப்புக்கொண்டு, நட்டம் எவ்வளவென்று கேட்டறிந்து, சில மாதங்களில் ஈடுசெய்தனர். அவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் இத்தகைய பணியிலேயே தொண்டராகச் சேர்ந்தார். சுல்லவக்கத்தை யான்ட்சி படித்திருக்க மாட்டார். ஆயினும் துணைவர் உடன் செல்ல, தவறு செய்தவர் தம் வாயால் பேசும் அதே முறை அங்கே பிறந்தது. நியூசிலாந்து 1989இல் இதனைச் சட்டமாகவே ஆக்கிற்று. அங்கே சிறுவனும் உற்றாரும் நொந்தவரும் காவலரும் வட்டமாக அமர்ந்து பேசி முடிவு செய்கின்றனர். மாவோரி மக்களின் பழைய வழக்கத்தை ஒட்டியது அம்முறை.

இனி ஒத்த வயதினரைப் பற்றிச் சொல்வோம். அமெரிக்காவில் இளையோர் மன்றங்கள் உள்ளன. டெக்சாசின் ஒடெசா நகரில் 1983இல் தொடங்கிய மன்றம் பலருக்கு முன்மாதிரியாயிற்று. அங்கே முதன்முறை சிறு குற்றம் செய்து அதை ஒப்புக்கொண்ட சிறுவனை, அவன் வயதினரே கேள்வி கேட்டு, அவன் செய்ய வேண்டிய ஈட்டை முடிவுசெய்கின்றனர். மன்னிப்புக் கடிதம், பொதுத் தொண்டு முதலியவற்றோடு இன்னொன்றும் உண்டு. பின்னர் வரும் வழக்குகளில் அவனே நடுவராக அமர வேண்டும்! நேற்று நின்றவன் இன்று அமர்கிறான். பெரியவர் நூறு முறை சொல்வதைப் 'பாட்டு' என்று தள்ளும் பிள்ளை, தன்னையொத்தவன் 'நீ அந்த அம்மாவைப் பற்றி நினைக்கவில்லையா?' என்று கேட்டால் தலைகுனிகிறான். பிள்ளை வளர்த்தோர் இதை அறிவர்.

ஆனால் ஒத்த வயதினரைக் கூட்டிவிட்டாலே நன்மை விளையும் என்று நாம் சொல்லவில்லை. 2002இல் அமெரிக்காவில் நான்கு இடங்களில் இம்மன்றங்களை ஆராய்ந்தபோது, அலாஸ்கா, மிசூரி என்னும் இரண்டில் மீண்டும் தவறியோர் தெளிவாகக் குறைந்திருந்தனர். ஏனைய இரண்டில் அத்தகைய தெளிவு இல்லை. தவறிய சிறுவர்களை மட்டும் ஒன்றாகக் கூட்டி வைத்தால், ஒருவன் மற்றவனுக்குத் தீமை கற்பிக்கும் ஆசானாகிவிடுகிறான் என்பதும் ஆராய்ந்தோர் கண்ட உண்மை. சிறைக்கு அழைத்துச் சென்று கைதிகளைக் காட்டி அச்சுறுத்தும் முறை, குற்றத்தைக் குறைக்காமல் மிகுவித்ததாகவே ஆய்வுகள் கூறுகின்றன. நம் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்! கேரளத்தில் 2010இல் தொடங்கிய மாணவர் காவற்படைத் திட்டத்தில் பயிற்சி பெற்ற பிள்ளைகள் பல பள்ளிகளில் இருக்கின்றனர். சீருடையும் அணிவகுப்பும் நன்று. அப்பிள்ளைகளுக்கு நல்ல முறையில் கேட்கவும், கேட்டபின் பேசவும் கற்றுத் தந்தால், அவர்களே அநுதூதர் ஆகலாம் என்று நாம் எண்ணுகிறோம்.

நம் சங்கத்தின் வழக்கத்தில் இதற்கு வேர் உண்டு. மழைக்காலத் தங்கல் முடிந்தவுடன் பிக்குகள் பவாரணை செய்கின்றனர். ஒவ்வொருவரும், "என்னிடம் நீங்கள் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றம் ஏதேனும் உண்டாயின் இரக்கத்தோடு எனக்குச் சொல்லுங்கள்" என்று ஏனையோரை வேண்டிக்கொள்கின்றனர். மூத்தவரும் இளையவரிடம் அவ்வாறே வேண்டுகிறார். பகவானே ஒருமுறை தம் சீடர்களிடம் அவ்வாறு கேட்டதாகச் சுத்தங்கள் கூறுகின்றன. குற்றம் சுட்டுவோரும் தம் குற்றம் கேட்க அமர்ந்தவர்களே. பள்ளியில் கூடும் வட்டத்தில் ஆசிரியரும் அவ்வாறு ஒருமுறை கேட்பாராயின், பிள்ளைகளின் நாவு எவ்வளவு எளிதில் அவிழும்!

பகவான் உலகத்தைக் காக்கும் இரண்டு தர்மங்களாக 'ஹிரி', 'ஓத்தப்பம்' என்பவற்றைக் கூறினார். தீமை செய்ய நாணுதல், அதன் விளைவுக்கு அஞ்சுதல் என்று தமிழிற் சொல்லலாம். இந்நாணம் வேறு, பிறர் ஒருவன் நெற்றியில் பொறிக்கும் இழிவு வேறு. முன்னது, 'நான் இதைச் செய்துவிட்டேனே' என்கிறது. பின்னது, 'நீ இத்தகையவன், உன் குலமே இத்தகையது' என்கிறது. பின்னதை நம் நாட்டில் சட்டமாகவே எழுதினார்கள். 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் குழந்தையைத் தொட்டிலிலேயே குற்றவாளியாக்கிற்று. 1952இல்தான் நாடு முழுவதும் நீங்கிற்று. சட்டம் நீங்கினும் வாடை நீங்கவில்லை. சிறையில் சாதி பார்த்து வேலை ஒதுக்கும் விதிகள் பல மாநிலங்களின் சிறை நூல்களில் இருந்தன. அவை செல்லா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபர் 3 அன்றுதான்.

திருவனந்தபுரத்தின் நடுவே செங்கல்சூளை என்றொரு குடியிருப்பு உண்டு; ராஜாஜி நகர் என்றும் அதற்குப் பெயர். தலைமைச் செயலகக் கட்டடத்துக்குச் செங்கல் சுட்ட இடம் அது என்பர். அரசு வீற்றிருக்கும் மாளிகைக்குக் கல் கொடுத்த இடத்தின் பிள்ளைகள், ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஐயத்துக்கு ஆளானார்கள். அங்கே பிறந்து, தூய்மைப் பணி செய்யும் தனுஜா குமாரி தம் வாழ்வை மலையாளத்தில் நூலாக எழுதினார். அது பல்கலைக்கழகப் பாடத்திலும் இடம்பெற்றது. இத்தகைய இடத்துச் சிறுவன் முதன்முறை தவறும்போது, ஊர் அதை முதல் தவறாகக் கருதுவதில்லை. நெடுநாள் எதிர்பார்த்தது நடந்ததாகவே கருதுகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதையே செய்தால் 'விளையாட்டுத்தனம்' என்ற பெயர் கிடைக்கிறது. ஆகவே சீரமைப்பு நீதி எல்லாச் சிறுவர்க்கும் நல்லதாயினும், நம் பிள்ளைகளுக்கு அது உயிர் போன்றது. வட்டத்தில் அமர்வோர் யார், அவர்கள் சிறுவனின் தெருவை எந்தக் கண்ணால் பார்க்கின்றனர் என்பதையும் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேல்தெருவார் கூடிக் கீழ்த்தெருச் சிறுவனை மன்னிப்புக் கேட்க வைப்பது நம் கிராமங்களுக்குப் புதிதன்று. அதற்குப் பழைய பெயர் பஞ்சாயத்து. அதைச் சீரமைப்பு நீதி என்ற புதுப் பெயரால் நாம் ஏற்க மாட்டோம்.

அங்குலிமாலன் பிக்குவான பின்னரும் சாவத்தித் தெருவில் அவன்மீது கற்கள் விழுந்தன. மண்டை உடைந்து, பாத்திரம் உடைந்து, உடை கிழிந்து வந்தவனைப் பகவான் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். நொந்த மக்களின் சினத்தை அவர் பழிக்கவில்லை. அச்சினத்துக்காக அவனைக் கைவிடவும் இல்லை. நாமும் இரண்டையும் செய்ய வேண்டியிருக்கிறது. நொந்தவர் சந்திக்க மறுத்தால், அம்மறுப்பை மதித்தல் வேண்டும். மன்னிக்கும்படி அவரை நெருக்குவது இரண்டாவது தீங்காகும். சுதம்மரின் விதியிலும் மன்னித்தே ஆக வேண்டுமென்று உபாசகருக்குக் கட்டளை இல்லை. கட்டளை எல்லாம் பிக்குவுக்கே.

நம் சங்கங்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழுமம் பொதுத் தொண்டு விதிக்கும்போது, அது ஓர் அமைப்பின் மேற்பார்வையிலோ, குழுமம் தேர்ந்த ஆட்களின் மேற்பார்வையிலோ நடக்கலாம் என்று சட்டம் இடந்தருகிறது. பெரும்பாலும் அமைப்புகள் முன்வராமையால், சிறுவன் ஏதேனும் ஓர் அலுவலகத்தின் முற்றத்தைப் பெருக்கிவிட்டுப் போகும் நிலை உண்டாகிறது. நம் படிப்பகங்களில் அட்டை கிழிந்த நூல்கள் கட்டுவாரின்றிக் கிடக்கின்றன. மாலைப் பள்ளியில் சிறு குழந்தைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தர ஆளில்லை. உங்கள் மாவட்டத்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் சங்கத்தின் பெயரால் ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதுமுன், சங்கத்து இளைஞருள் இருவரை அழைத்து, முதல் நாளன்று அப்பிள்ளையின் வீட்டுக்கே சென்று அவனை உடன் அழைத்துவர அவர்களுக்கு இசைவுண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.